சோடியில் ஒன்று

1

“ஊசிக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் பின்னால ஒளிஞ்சவ நீ. நீயா எனக்கு கிட்னி குடுக்கப் போற?”

என் அக்கா ஸ்டெல்லா இப்படிக் கேட்டு ஒரு வருடமாகிறது. அவள் கண்டியிலிருந்து பேசினாள். நான் இங்கிலாந்தின் வடக்கில், வருடத்தில் பாதி நாள் வெயிலைக் காணாத ஒரு சிறு நகரத்தின் பஸ் தரிப்பிடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. ஆனால் மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போடுகிறவர்கள் ஜீப்பில் வந்து இறங்கிய அன்று நான் உண்மையாகவே ஓடி ஒளிந்தேன். தேடிக் கண்டுபிடித்தவள் அக்காதான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினாள். தனக்கு ஊசி ஏறும்போது கண்ணைச் சிமிட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. கண்டி நகரத்தில் ஒரு புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்தவள், இன்று வாரத்தில் இரண்டு முறை பேராதனை ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறாள். “ரத்தம் கழுவப் போறேன்” என்பாள், பீலிக்கரைக்குத் துணி துவைக்கப் போகிறவளைப் போல. ஆட்டோ ஓட்டும் அவளுடைய கணவர் சேவியர் மச்சான் தன்னுடையதைத் தருவதாகத்தான் முதலில் சொன்னார். இரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பா இல்லை. மிச்சம் நான்.

நான் தருகிறேன் என்று சொன்ன நாளில் எனக்குப் பயம் தெரியவில்லை. சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகுதான் அது வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை படித்து முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. தெல்தெனிய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்த ஆங்கிலத்தை இன்று இங்கிலாந்தில் கற்பிக்கிறேன், அதுவும் சம்பளத்துக்கு. புதிதாக இந்நாட்டுக்கு வந்த பெண்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறேன். ஆப்கானிஸ்தான், சூடான், சிரியா என்று ஒவ்வொரு கதிரையிலும் ஒரு நாடு உட்கார்ந்திருக்கும்.

ஈஸ்டருக்கு முந்திய மாதம் ஒரு நாள் பாடம், ‘இரண்டு’ என்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள். திட்டமிட்டு எடுத்ததல்ல, பாடத்திட்டத்தில் அன்றைக்கு அதுதான் இருந்தது. எங்களுக்குச் ‘சோடி’ என்ற ஒரே சொல் போதும். செருப்பு, தோடு, மாடு, மாப்பிள்ளை பெண் எல்லாமே சோடிதான். ஆங்கிலக்காரர்கள் அப்படி விடுவதில்லை.

காலுறை, செருப்பு, கையுறை எல்லாம் ‘பெயார்’. ஒன்று இல்லாவிட்டால் மற்றதற்கு வேலை இல்லை. கத்தரிக்கோலும் காற்சட்டையும்கூட அதில்தான் சேரும். பிரிக்கவே முடியாத இரண்டு அவை. ‘கப்பிள்’ என்றால் கணவன் மனைவி. ஆனால் அதே சொல்லைத் தளர்த்தி, சரியாக எண்ணாத சிலவற்றுக்கும் சொல்வார்கள். கப்பிள் நாட்கள் என்றால் இரண்டு நாளாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். ‘ட்வின்’ என்றால் ஒரே வயிற்றில் பிறந்ததைப் போல் ஒன்றையொன்று ஒத்தவை. ‘போத்’ என்பது இரண்டையும் ஒருசேரக் கைக்குள் எடுத்துக்கொள்ளும், ஒன்றையும் வெளியே விடாது.

பலகையில் இவற்றை எழுதிப் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, பர்வீன் என்ற ஆப்கான் பெண் கை உயர்த்தினாள். ஒரு காலுறை தொலைந்துவிட்டால் மிஞ்சிய காலுறைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். நல்ல கேள்வி. ‘ஒட்’ என்றேன். அந்தச் சொல்லுக்கு வேறு என்ன பொருள் என்று கேட்டாள். விசித்திரமானது, வழக்கத்துக்கு மாறானது என்றேன். பர்வீன் அதைத் தன் எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டாள். பிறகு, துணையை இழந்ததில் அதற்கு என்ன விசித்திரம், பாவமல்லவா என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு விலாவுக்குக் கீழே, முதுகுப்பக்கமாக, ஒரு இடம் குளிர்ந்தது. அங்கே ஒன்றுமில்லை, வலியுமில்லை. நான் கதிரையில் உட்கார்ந்துகொண்டு மிச்சப் பாடத்தை உட்கார்ந்தபடியே நடத்தினேன்.

3

சோதனைகளுக்காக ஈஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அதற்கு விடுப்பு எடுப்பதே ஒரு கூத்து. யாருக்காகப் போகிறீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கணவருக்கா, பிள்ளைக்கா, பெற்றோருக்கா? அக்காவுக்கு என்றேன். அவர்களுடைய விதியில் அக்கா நெருங்கிய குடும்பத்துக்குள் வரவில்லை. அந்த அம்மையார் நல்லவர். என்னைப் பார்க்கவே சங்கடப்பட்டு, அக்கா உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறாரா என்று கேட்டார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பத்தடிக்குப் பத்தடிக் காம்பராவில் ஒரே பாயில் ஒரே போர்வைக்குள் வளர்ந்தோம் என்று சொல்ல நினைத்தேன். இல்லை என்று சொல்லிவிட்டு விடுமுறை நாட்களிலேயே போய்வந்தேன்.

அம்மா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார். கொழுந்து எடுப்பதை விட்டுச் சில வருடங்களாகின்றன. நான் போய் இறங்கிய மறுநாள் காலை, தேத்தண்ணீரை என் முன் வைத்துவிட்டு எதிரில் குந்திக்கொண்டார்.

தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று கணக்கு. காலையில் மலைக்கு ஏறி, சொன்ன அளவு கொழுந்தை மாலையில் நிறுத்துக் கொடுத்தால் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மழையில் நனைந்து அட்டைக்கடி வாங்கியிருந்தாலும் அரைப்பேர்தான். அம்மாவின் வாழ்க்கையில் அதைவிட அவமானமான சொல் கிடையாது. அரைப்பேர் விழுந்த நாளில் அம்மா வீட்டில் யாருடனும் பேச மாட்டார்.

“ஒண்ண எடுத்துட்டா அதுக்கப்புறம் நீ அரைப்பேருதானே புள்ள” என்றார்.

ஒன்று இருந்தாலே முழு வேலையும் செய்யும் என்று வைத்தியர்கள் சொல்வதைச் சொன்னேன். மிஞ்சியது கொஞ்சம் பெருத்து இரண்டின் வேலையையும் செய்யப் பழகிவிடும் என்று விளக்கினேன். கையால் படம்கூடப் போட்டுக் காட்டினேன். எனக்கே அதில் நம்பிக்கை வரும் என்று பார்த்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப சாமி எதுக்கு ரெண்டு வச்சிச்சு?” என்றார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதை யாரும் கற்பிக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்தேன்.

அம்மா என்னைத் தடுக்கவில்லை. கொடு என்றும் சொல்லவில்லை. ஒரு மகளைக் காப்பாற்ற மற்ற மகளை அறுக்கச் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்வது எப்படி என்றும் தெரியவில்லை. அந்த நாட்களில் அம்மா எங்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொன்னார். “ஸ்டெல்லாவும் சின்னதும்” என்றுதான் எல்லாவற்றுக்கும். ஸ்டெல்லாவும் சின்னதும் சாப்பிட்டாச்சா? ஸ்டெல்லாவும் சின்னதும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஒரு பெயரை மட்டும் தனியாகச் சொன்னால் மற்றது போய்விடும் என்பதைப் போல.

4

வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி ஸ்கேன் பார்த்தார்கள். பிறக்கும்போதே ஒரு சிறுநீரகத்தோடு பிறந்து, அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். இந்தத் தகவலைச் சோதனைக்கு முந்திய நாள் எங்கோ வாசித்திருந்தேன். படுத்துக் கிடந்தபோது எனக்குள் ஒரு ஆசை எழுந்தது. ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டார்களா? யார் மேலும் குற்றமில்லாமல், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாமே?

இரண்டும் இருந்தன. இரண்டும் நன்றாக இருந்தன.

இரத்தச் சோதனைகளும் ஒவ்வொன்றாகப் பொருந்தின. ஒவ்வொரு முடிவு வரும்போதும் சேவியர் மச்சான் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா மட்டும் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் நீண்ட வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய தன் கால்களை நீட்டிப் பார்த்துக்கொண்டு, “ஏன்டி, ஒன்னோட இங்கிலீஷ் கிட்னி எனக்கு சோறு கறி தின்னா ஒத்துக்குமா?” என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள்: “ரெண்டு பேரும் மேசையில படுத்து ரெண்டு பேரும் எந்திரிக்காட்டி, ஒன் புள்ளைக்கு அம்மா என்ன சொல்லும்?”

நான் பலகையில் எழுதும் ‘போத்’ அன்று அந்த வாங்கில் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது.

கடைசியாக ஒரு நேர்காணல். கொடுக்கிறவரைத் தனியாக அழைத்துப் பேசுவது முறை. யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, ஏதாவது கைமாறு வாங்கிக்கொண்டு செய்கிறாரா என்று பார்ப்பார்கள். வைத்தியர் சிங்களப் பெண், என்னைவிடப் பத்து வயது கூடியவராக இருக்கலாம். எந்த மொழியில் பேசலாம் என்று கேட்டார். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், ஆங்கிலத்திலேயே பேசலாம் என்றேன். எங்கள் தோட்டத்தில் அப்படிச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையோடு சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் விளக்கினார். எங்கே வெட்டுவார்கள், எப்படி மயக்குவார்கள், அரிதாக என்ன நடக்கலாம் என்றெல்லாம். வார்ட்டில் கப்பிள் நாட்கள் என்றார். நான் ஆங்கிலம் கற்பிக்கிறவள். கப்பிள் என்றால் எத்தனை என்று கேட்டேன். அவர் புன்னகைத்து, ஐந்து வரை போகலாம் என்றார். பயந்தவர்களிடம் அந்தச் சொல்லை எல்லோரும் ஏன் பாவிக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. எண்ணிக்கையை மென்மையாக்கித் தரும் சொல் அது.

பிறகு அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். கொடுப்பவரையும் பெறுபவரையும் சேர்த்து அவர்கள் ‘பெயார்’ என்றுதான் சொல்வார்களாம். நானும் அக்காவும் இப்போது ஒரு பெயார். எனக்கு மனமில்லாவிட்டால், அறுவைச் சிகிச்சை நாளின் காலைவரைகூட, தன்னிடம் மட்டும் சொன்னால் போதும் என்றார். வீட்டாரிடம், ‘இந்தப் பெயார் சரிவராது’ என்று மட்டும் அவர்கள் சொல்வார்கள். இருவரில் யாரால் என்று சொல்ல மாட்டார்கள். யாரும் கேட்கவும் முடியாது. நான் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

அவர் அதை அன்போடுதான் சொன்னார். அது சரியான முறைதான். வற்புறுத்தலுக்குப் பயந்து மேசைக்கு வருகிறவர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை. ஆனால் பிரிக்க முடியாத இரண்டு என்று நான் கற்பிக்கும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிந்துகொள்ள இடமிருந்தது. பள்ளிக்கூடத்துக் கக்கூசைவிட நல்ல இடம். அங்கே யாராலும் தேடி வர முடியாது.

வெளியே வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னடி சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. வழக்கமா கேக்குறது” என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள். எனக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். அவளிடம் அதே வைத்தியர் சிங்களத்தில் பேசினார். கடையில் வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி அக்காவின் சிங்களம் என்னுடையதைவிட நல்லது. அவளும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

5

திரும்புவதற்கு முந்திய நாள் அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கரிடையே ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் எந்த உறுப்புக்கு நோயோ அந்த உறுப்பின் உருவத்தை மெல்லிய வெள்ளித் தகட்டில் வாங்கி அந்தோணியாருக்கு நேர்த்திக்கடனாகப் போடுவார்கள். கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கும் கடையில் ஒரு தட்டு நிறைய இருக்கும். கண், கை, கால், இதயம், குழந்தை.

சிறுநீரகம் இருக்கவில்லை. கடைக்காரப் பெண் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, அது யாரும் கேட்டு வர்றதில்லையேம்மா என்றாள். அம்மா யோசித்தார். பிறகு கண்களை எடுத்தார். இரண்டு கண்களும் ஒரே தகட்டில், நடுவில் ஒரு மெல்லிய பாலத்தோடு அச்சடிக்கப்பட்டிருந்தன.

“கண்ணு எதுக்கும்மா?” என்றேன்.

“ரெண்டா இருக்கில்ல. அந்தோணியாருக்குத் தெரியும் நான் எதச் சொல்றேன்னு.”

உள்ளே போவதற்கு முன் அம்மா கடைக்காரப் பெண்ணிடம் திரி வெட்டும் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினார். அந்தப் பாலத்தை நடுவில் வெட்டினார். ஒரு கண்ணை வாசலிலிருந்த காணிக்கைப் பெட்டிக்குள் போட்டார். மற்றதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைக்காரப் பெண் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி யாரும் செய்து அவள் கண்டிருக்க மாட்டாள். நானும் கண்டதில்லை. திரும்பும் வழியில் கேட்டேன். முகத்தைத் திருப்பாமல் அம்மா சொன்னார்: “ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து சேரட்டும். அப்பத்தான் மத்தது. முழுசாக் குடுத்துட்டா அவரு மறந்துருவாரு.”

என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் புனிதரோடு பேரம் பேசும்போது அவர் நடுங்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், சட்டைக்கு மேலே கையை வைத்து அந்த முடிச்சு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

6

இங்கே வந்த பிறகு பயம் என்னோடு ஒரு வாடகைக்காரரைப் போலக் குடியிருந்தது. காலையில் மகள் ரியாவைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, வகுப்புக்குப் போய், கடையில் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். எல்லாம் பழையபடி. ஆனால் பேராதனை வைத்தியர் காட்டிய அந்தத் தப்பிக்கும் வழி ஒரு கதவைப் போல எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் திறந்தே இருந்தது. அதிலிருந்து குளிர் வந்தது.

கூட வேலை செய்யும் ஒருத்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் என் தோளைத் தட்டி, நல்லவேளை உனக்கு ஒரு ‘ஸ்பெயார்’ இருக்கிறதே என்றாள். காரின் பின்னால் கிடக்கும் சக்கரத்துக்குச் சொல்லும் சொல். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கோ, எது ஸ்பெயார், எது என்னுடையது, எடுக்கும்போது அவர்கள் சரியாகப் பார்த்து எடுப்பார்களா என்று பைத்தியக்காரக் கேள்விகள் வந்தன.

என் மகளுக்கு ஆறு வயது. அக்காவை அவள் ‘போன் பெரியம்மா’ என்கிறாள். பெரியம்மா என்றால் போனில் இருக்கும் ஒரு முகம், அவ்வளவுதான். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பெரியம்மாவுக்குச் சுகமில்லை, அம்மாவின் வயிற்றுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, சுகமானதும் பெரியம்மா அதைத் திருப்பித் தருவாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். அவள் கவிழ்த்து வைத்திருந்த படச்சீட்டுகளுக்குத் திரும்பிப் போனாள். ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கண்டுபிடித்ததும் ‘பெயார்’ என்று கத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று அவள் கத்தவில்லை.

என் கணவர் யாழ்ப்பாணம். இங்கே நகரப் பஸ் ஓட்டுகிறார். கிரிக்கெட் பைத்தியம். என்னுடைய ‘இரண்டு’ பாடத்தைப் பற்றிச் சொன்னபோது, இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியத்தோடு ஆட்டமிழந்தாலும் பெயார்தான், அதை விட்டுவிட்டீரே என்றார். அந்த நாளிலிருந்து என் தலைக்குள் அந்த அர்த்தமும் சேர்ந்துகொண்டது. இரண்டு மேசை, இரண்டு பூச்சியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா நீர் பயப்பிடுறீர். அதை ஒத்துக்கொள்ளும்.”

“எனக்கென்ன பயம்.”

“ஓம், ஓம். அதுதான் ஒரு கிழமையா கறிக்கு உப்பில்லை.”

நான் தட்டைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அவரிடமும் அந்தக் கதவைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவர் போ என்றும் சொல்ல மாட்டார், போகாதே என்றும் சொல்ல மாட்டார். ஆனால் அதன் பிறகு நான் தூங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

உண்மையில் நான் பயந்தது கத்திக்கு மட்டுமல்ல. கடைசி நாளின் காலையில், யாருக்கும் தெரியாமல், நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக, நான் அந்த வைத்தியரிடம் ஒரு வசனம் சொல்லிவிடுவேனோ என்பதுதான் என் பயம். அந்த வசனம் இலக்கணப் பிழையில்லாமல் எனக்குள் ஆயத்தமாக இருந்தது. பஸ்ஸில் போகும்போதும் பாண் வாங்கும்போதும் அது தானாகவே தன்னைச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. சொன்னால் அக்கா, ‘பாவம், அதுக்கும் ஆசதான், பொருந்தலையே’ என்று எனக்காகவே வருத்தப்படுவாள். அம்மா அந்தோணியாரைத் திட்டுவார். நான் அழுவேன், எல்லோரும் என்னைத் தேற்றுவார்கள். பிறகு அக்கா இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக முடிவாள். யாரும் எதையும் அறியார். அத்தனை ஒழுங்காக அது எனக்குத் தெரிந்தது.

பிறகு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துச் செய்தி வந்தது.

7

அன்று காலை வகுப்புக்குப் போகுமுன் அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். கண்டியில் அது பிற்பகல். அவள் இயந்திரத்தில் இருக்கும் நேரம் என்று தெரிந்தே எடுத்தேன். அங்கே கிடக்கும்போது அவளால் எழுந்து போக முடியாது. இருபுறமும் ஆட்கள், சத்தம் போடவும் முடியாது. திரையில் அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது. கழுத்துவரை ஆஸ்பத்திரிப் போர்வை.

எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியர் எனக்குக் காட்டிய வழியை, ‘இந்தப் பெயார் சரிவராது’ என்று சொல்வார்கள் என்பதை, அதை நான் இத்தனை மாதமாக மடியில் கட்டி வைத்திருப்பதை. ஒன்றையும் அழகுபடுத்தவில்லை. இனி அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிய முடியாது. யாரால் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் சொன்னேன்.

அவளுக்குப் பின்னால் இயந்திரம் தாளம் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப இவ்வளவு நாளா கக்கூசுக்குப் பின்னாலயா நின்ன?” என்றாள்.

“ஆமா.”

“நான் அங்க ஒன்ன காணலையே.”

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைக் கமராவிலிருந்து திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஆளுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் பேசினாள். “எங்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. வாங்குறதுக்கு மனசில்லன்னா சொல்லுங்க, சரிவரலைன்னு மட்டும் சொல்லிர்றோம், யாருக்கும் தெரியாதுன்னு. நான் நெனச்சேன், ஆப்பரேஷனுக்கு மொதநாள் சொல்லிருவோம், நீ வந்தது வந்தபடி புள்ளகிட்ட போயிருவன்னு.”

ஒரே சொல்லுக்குப் பின்னால், ஆளுக்கொரு மூலையில், ஒருவரையொருவர் காணாமல் நாங்கள் இருவரும் நின்றிருக்கிறோம். நான் என்னைக் காப்பாற்ற. அவள் என்னைக் காப்பாற்ற.

“இப்ப?” என்றேன். “இன்னும் அப்படித்தான் நெனைக்கிறியா?”

“நீ மொதல்ல வா” என்றாள் அக்கா. பிறகு தாதி வருகிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அது பதிலல்ல. அவளை எனக்குத் தெரியும். எந்த முடிவையும் அவள் இறுதிவரை தன் வாய்க்குள் வைத்திருப்பாள். அன்று நான் வகுப்பில் என்ன கற்பித்தேன் என்று நினைவில்லை. மாலையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஸ் சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டார். ரியாவை நான் பாத்துக்கொள்ளுறன் என்று மட்டும் சொன்னார். போகும் நாளில் அவர்தான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம்வரை வந்தார். ரியா என் கைப்பைக்குள் ஒரு படச்சீட்டை வைத்திருக்கிறாள். வாத்துப் படம். அதன் சோடி அவளிடம் இருக்கிறதாம், நான் திரும்பி வரும்வரை யாரும் அதை விளையாடக்கூடாதாம். தன் அம்மம்மாவும் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லை.

இதைக் கட்டுநாயக்கவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். கடுகண்ணாவ ஏற்றத்தில் பஸ் திணறிக்கொண்டு ஏறுகிறது. எழுத்து கோணலாகப் போவதற்கு வளைவுகள் மட்டும் காரணமல்ல. நான் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கழற்றச் சொல்வார்கள் என்று வளையல்களை இப்போதே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். வெறுங்கையோடு வந்து இறங்கியதற்கு அம்மா ஏசுவார். பேராதனைச் சந்தியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், நேராக வார்ட்டுக்குப் போகப் போகிறேன். அக்கா ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்திருந்தால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வர, எனக்கும் கை இருக்கிறது.